உத்தம மார்தவமும் இலவச இருக்கையும்





பாத்ரபத மாதத்து வளர்பிறைப் பஞ்சமியில் தொடங்கும் தசலட்சண பருவத்தில் முதல் நாள் உத்தம க்ஷமை என்னும் பொறைக்கு உரியது. இரண்டாம் நாள் உத்தம மார்தவத்திற்கு உரியது. பொறையைப் பற்றி நம் ஜினாலயங்களில் பலரும் விரிவாகப் பேசுகின்றனர். மார்தவத்திற்கு வந்தவுடன், 'செருக்கு நீங்கிய மென்மை' என்று ஒரு வரியில் பொருள் கூறிவிட்டு மூன்றாம் நாளுக்குக் கடந்து விடுகின்றோம். அந்த ஒரு வரிக்குள் அடங்காத செய்தி ஒன்றை இவ்விதழில் எடுத்துக்கொள்ள விரும்புகின்றோம். விமான நிறுவனங்களில் பணிபுரிவோர் தமக்குக் கிடைக்கும் இலவசப் பயணத்தில் ஏறி அமர்ந்துகொண்டு, அங்கே தொண்டு செய்வோரிடமும் உடன் வருவோரிடமும் கடுமையாக நடந்து கொள்கின்றனர் என்னும் குறை நெடுநாளாகப் பேசப்படுவது. அதுவே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

"விமானத்தில் நடப்பதற்கும் நமக்கும் என்ன?" என்று சிலர் வினவலாம். வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களில் நிலமும் நெல்லுமாக வாழ்ந்த நம் குடும்பங்கள் இன்று எங்கெங்கோ பரவியுள்ளன. அக்காலத்தில் நம் வீட்டுக்கு ஓர் ஆசிரியர் என்று இருந்தது. இன்றோ இரயில்வேயிலும் வங்கியிலும் விமான நிலையங்களிலும் நம் பிள்ளைகள் பணியாற்றுகின்றனர். நாம் வாழும் சேலம் அம்மாபேட்டையில் தறியின் ஓசைதான் கேட்கும். அங்கேயும் இப்பொழுது விமானம் தொலைவில் இல்லை. ஓமலூர்ப் பக்கம் கமலாபுரத்தில் 1993இல் அமைந்த விமான நிலையம் நெடுங்காலம் வெறிச்சோடிக் கிடந்தது. 2018 மார்ச்சில் சென்னைக்கு விமானம் வந்தது, 2021இல் நின்றது, 2023 அக்டோபரில் மீண்டும் பறக்கத் தொடங்கியது. ஆகவே இது நம் வீட்டுச் செய்தியாகவும் ஆகிவிட்டது.

அச்சலுகை எத்தகையது என்பதை முதலில் அறிதல் நலம். விமானத்தின் இருக்கை பூக்கடையில் இருக்கும் மல்லிகையைப் போன்றது. மல்லிகையாவது மறுநாள் வாடிய நிலையிலேனும் கையில் இருக்கும். விற்காத இருக்கையோ விமானம் தரையை விட்டு எழுந்த கணமே இல்லாமற் போய்விடும். அவ்வாறு வீணாகும் இருக்கையைத் தம் ஊழியர்க்கும், அவர்தம் துணைவர், மக்கள், பெற்றோர்க்கும் இலவசமாகவோ சிறு தொகைக்கோ தருவது உலகெங்கிலும் உள்ள விமான நிறுவனங்களின் வழக்கம். ஒரு நிறுவனத்தார் மற்றொரு நிறுவனத்தின் ஊழியர்க்கும் கட்டணத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வரை கழித்துக் கொடுப்பதுண்டு. இவ்வகைச் சீட்டுகளில் பெரும்பாலானவற்றின் உயிர்ச்சொல் 'இடமிருந்தால்' என்பதே. பணம் கொடுத்த பயணியர் அனைவர்க்கும் இடம் அளித்த பின்னரே ஊழியரின் பெயர் அழைக்கப்படும். இறுதி நேரத்தில் பணம் கொடுத்த ஒருவர் ஓடி வந்தால், இவர் ஒதுங்கி அடுத்த விமானத்திற்குக் காத்திருத்தல் வேண்டும்.

நம் பகுதியில் 'பாஸ்' என்றால் இரயில்வே பாஸ் என்றே பொருள். சூரமங்கலத்து இரயில்வே குடும்பங்களைக் கேட்டால் விளங்கச் சொல்வர். ஐந்தாண்டுப் பணி முடித்த சாதாரண ஊழியர்க்கு ஆண்டுக்கு 3 பாஸ். அவையன்றி மூன்றில் ஒரு பங்குக் கட்டணத்தில் செல்ல 4 சலுகைச் சீட்டு. அந்தப் பாஸைக் காட்டி முன்பதிவு செய்துவிட்டால் அப்படுக்கை அவருடையதே. எவரும் எழுப்ப இயலாது. விமான ஊழியரின் சலுகை அத்தகைய உறுதி உடையதன்று. பிறர் உண்டு எஞ்சியதே அவர் இலைக்கு வருகின்றது. அங்ஙனமாயின் இவ்விருவருள் எவர் கூடுதலாகப் பணிந்திருத்தல் வேண்டும்? நடப்பதோ நேர்மாறாக இருக்கின்றது என்கின்றனர், இரண்டிலும் பயணம் செய்தோர்.

விதிகள் இல்லாமல் இல்லை. இலவசச் சீட்டில் வருபவர் நிறுவனத்தின் முகமாகக் கருதப்படுவர். உடையும் நடத்தையும் அதற்கேற்ப இருத்தல் வேண்டும். தவறினால் சலுகை பறிக்கப்படும். 2017 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில், ஊழியர் சலுகையில் பயணம் செய்ய வந்த இரண்டு சிறுமியர் லெக்கின்ஸ் அணிந்திருந்த காரணத்தால் யுனைடெட் நிறுவனத்தாரால் ஏற்றிக்கொள்ளப்படாமல் நின்றனர். உலகமெங்கும் கண்டனம் எழுந்தது. பணம் கொடுத்து வருவோர் எதை உடுத்தினாலும் தடையில்லை, சலுகையில் வருவோர்க்கு மட்டுமே இவ்விதி என்று நிறுவனம் விடை கூறியது. உடைக்கு இவ்வளவு கண்டிப்பு எளிது. உடையை வாயிலிலேயே கண்ணால் பார்த்து விடலாம். நாவோ இருக்கையில் அமர்ந்து, கதவு மூடிய பின்னர்தான் திறக்கின்றது.

அதற்குப் பதினான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9 அன்று, சிகாகோவில் அதே நிறுவனத்தின் பெயரில் செல்லும் விமானத்தில் முதிய மருத்துவர் ஒருவர் இருக்கையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டு, மூக்கு உடைந்து, முன்பற்கள் இரண்டை இழந்தார். நான்கு ஊழியர்க்கு இடம் வேண்டும் என்பதே காரணம். இதனைப் பலர் இலவசப் பயணத்தின் கொடுமையாகச் சொல்கின்றனர். நாம் நேர்மையாகப் பேச வேண்டும்: அந்நால்வரும் வேறொரு விமானத்தை இயக்கப் பணிமேற் சென்றவர்கள், விடுமுறைக்காரர் அல்லர். எனினும், பணம் கொடுத்து அமர்ந்தவர் எழ வேண்டும், ஊழியர் அமர வேண்டும் என்னும் காட்சியே மக்கள் மனத்தில் தங்கிவிட்டது. அந்நிறுவனமும் அம்மாதமே அம்மருத்துவருடன் சமாதானம் செய்துகொண்டு, பாதுகாப்புக் காரணம் இன்றி அமர்ந்த பயணியை எழுப்புவதில்லை என்று விதியை மாற்றிக்கொண்டது.

சில ஆண்டுகட்கு முன் இருபது தீர்த்தங்கரர் முக்தி எய்திய சம்மேத சிகர்ஜியைத் தரிசித்துவிட்டு, நாம் சிலர் குழுவாகக் கொல்கத்தா வழியே சென்னை திரும்பினோம். எங்கள் குழுவில் எண்பதை நெருங்கிய மூதாட்டி ஒருவர், மலையில் 27 கிலோமீட்டரையும் டோலி ஏறாமல் நடந்தே முடித்தவர். அவருக்குரிய சாளர இருக்கையில் ஓர் இளைஞர் அமர்ந்திருந்தார். அருகே அவர் மனைவி. அவர் அந்நிறுவனத்தின் ஊழியர் என்பது சற்று நேரத்திற்குள் விமானம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது, அவரே தெரிவித்தார். பணிப்பெண் வந்து, "சார், இது இவர்களுடைய இருக்கை" என்று மெல்லச் சொன்னாள். இருபது வயதிற்கு மேல் ஒன்றிரண்டு இருக்கலாம். "உனக்கு எத்தனை வருஷ சர்வீஸ்? நான் எந்த டிபார்ட்மெண்ட் தெரியுமா?" என்று அவர் எதிர்க்கேள்வி கேட்டார். அப்பெண் ஒன்றும் பேசவில்லை. அவள் முகம் மட்டும் சிவந்தது. மூதாட்டிதான், "விடு கண்ணு, எங்கே உட்கார்ந்தாலும் மெட்ராஸ்தானே போகும்" என்று நடு இருக்கையில் அமர்ந்துகொண்டார். பின்னர் உணவு வந்தபோதும், தண்ணீர் வந்தபோதும் அந்த இளைஞர் அப்பெண்ணை விடவில்லை. கண்காணிக்க வந்த அதிகாரியைப் போல ஒவ்வொன்றிலும் குறை கூறினார்.

நாம் கவனித்தது இதுவே. அவருடைய கடுஞ்சொல் பணம் கொடுத்த எங்கள் மீது வரவில்லை. நாங்கள் புகார் எழுதலாம். தம் நிறுவனத்தின் கடைக்கோடியில் உள்ள அச்சிறு பெண்ணின் மீதே வந்தது. அவள் எழுத மாட்டாள் என்பதை அவர் அறிவார். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எங்கள் முதல்வர் அடிக்கடி கூறுவார்: வகுப்பில் ஒரு பிள்ளையை அறிய வேண்டுமானால் அவன் உங்களிடம் எப்படிப் பேசுகிறான் என்று பாராதீர்கள், தன்னினும் சிறியவனிடம் மைக்கூட்டை எப்படிக் கேட்டு வாங்குகிறான் என்று பாருங்கள் என்று. மைக்கூடு போய்விட்டது, மற்றது மாறவில்லை.

இலவசப் பயணம் என்னும் போது நமக்கு வேறொரு காட்சியும் நினைவிற்கு வருகின்றது. நம் மாணவர் பலர் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து அரசுப் பேருந்தில் இலவசப் பாஸ் காட்டி வந்தவர்கள். "பாஸா? பின்னாலே போ" என்னும் சொல்லை நாள்தோறும் கேட்டு வளர்ந்தவர்கள். நிறுத்தத்தில் பிள்ளைகள் கூட்டமாக நிற்கக் கண்டு, வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்தும் ஓட்டுநர்களும் அக்காலத்தில் இருந்தனர். புத்தகப் பையோடு அவர்கள் ஓடுவார்கள். தாமதமாக வகுப்பிற்கு வந்து வாயிலில் நிற்கும் பிள்ளையிடம் காரணம் கேட்டால், "பஸ் நிக்கலைங்க டீச்சர்" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. யார் மீதும் புகார் சொல்லத் தெரியாது. இலவசம் பெறுபவன் தாழ்ந்தவன் என்று யாரோ அவர்களுக்குக் கற்பித்திருந்தார்கள். நாம் கற்பித்த பாடங்களை எல்லாம் விட அது ஆழமாகப் பதிந்திருந்தது.

2021 மே மாதம் முதல் தமிழகத்துச் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணம் இல்லை. அம்மாபேட்டையிலிருந்து பாவு நூல் வாங்கவும் கூலி வேலைக்கும் செல்லும் பெண்களுக்கு அது பேருதவி. ஆயினும் அவர்களைக் குறித்து 'ஓசி' என்னும் சொல் காதில் விழாத நாள் குறைவு. 2022 செப்டம்பரில் அமைச்சர் ஒருவரே மேடையில் அச்சொல்லை ஆள, பெரும் எதிர்ப்பு எழுந்தது. அச்சொல் பிறந்த கதையாக ஒன்று சொல்லப்படுவதுண்டு. கும்பினியார் ஆட்சியில் அதிகாரிகளின் கடிதங்கள் தபால் கட்டணம் இன்றிச் செல்ல, 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்பதன் முதலெழுத்துகளைப் பொறித்தார்களாம். அதுவே ஓசி ஆயிற்றாம். அக்கதை மெய்யாயின், அதிகாரிகள் தமக்கென்று வைத்துக்கொண்ட சலுகையின் பெயர், இன்று கூலிக்காரப் பெண்ணின் தலையில் வசையாக இறங்கியிருக்கின்றது. வறுமையால் இலவசம் பெறுபவர் கடுஞ்சொல்லைக் கேட்கின்றார். பதவியால் இலவசம் பெறுபவர் கடுஞ்சொல்லைச் சொல்கின்றார். இருக்கை ஒன்றே, விலையும் ஒன்றே. வேறுபாடு எங்கிருந்து வந்தது?

இதற்கு விடை ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் வகுத்த எண்வகை மதங்களில் இருக்கின்றது. தமிழில் அருங்கலச்செப்பு வழியாக நம் முன்னோர் கற்றதும் அவ்வழியே. அறிவு, பிறர் செய்யும் சிறப்பு, தந்தைவழிக் குலம், தாய்வழி இனம், வலிமை, செல்வம், தவம், உடல் வனப்பு ஆகிய எட்டினைப் பற்றி எழும் செருக்கே மதம். நற்காட்சியின் குற்றங்களாக இவை எண்ணப்படுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். ஒழுக்கத்தின் குற்றம் என்பதோடு நிற்கவில்லை. செருக்குடையவனுக்குப் பொருள்களின் உண்மை நிலை தெரியாது. எஞ்சிய இருக்கையைத் தன் பெருமைக்குக் கிடைத்த அரியணையாக அவன் காண்கின்றான். காட்சியே பிழைபட்ட பின் நடத்தை எங்ஙனம் நேராகும்?

வினைக் கணக்கிலும் ஒன்று பார்ப்போம். ஒரு பொருள் நமக்குக் கிடைக்கின்றதென்றால், இலாபத்தைத் தடுக்கும் அந்தராய வினை அந்த அளவிற்குத் தணிந்தது என்று பொருள். அது பண்டை நல்வினையின் செலவு, வரவு அன்று. தன்னைப் புகழ்தலும் பிறரை இகழ்தலும் நீச கோத்திர வினையின் ஊற்றுவாய் என்றும், பணிவும் செருக்கின்மையும் உயர்கோத்திரத்திற்கு வழி என்றும் உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் காட்டியுள்ளார். அந்த இளைஞர் இரண்டரை மணிப் பயணத்தில், கையிலிருந்த நல்வினையைச் செலவிட்டு, இறங்கும்போது தீவினையை வாங்கிக்கொண்டு போனார். கட்டணம் இல்லாப் பயணம் என்று அவர் நினைத்திருப்பார்.

இனி, வானத்தை விட்டு நம் சாலைக்கு வருவோம். 2024 மே மாதம் நாங்குநேரியில் அரசுப் பேருந்தில் ஏறிய காவலர் ஒருவர் பயணச்சீட்டு எடுக்க மறுத்தார். போக்குவரத்து ஊழியர் இலவசமாகச் செல்கின்றனரே, நாமும் அரசு ஊழியர்தாமே என்பது அவர் வாதம். வாரண்ட் இருந்தால் மட்டுமே காவலர்க்குக் கட்டணம் இல்லை என்றார் நடத்துநர். பேருந்து நின்றது; வாக்குவாதம் காணொளியாகப் பரவியது. காவலர் பக்கமும் ஒரு சொல் உண்டு. தம் மாவட்டத்திற்குள் அடையாள அட்டையைக் காட்டிக் காவலர் அரசுப் பேருந்தில் செல்லலாம் என்று 2021இல் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டிருந்தது. எனினும் வாரண்ட் இன்றி இலவசம் இல்லை என்று போக்குவரத்துத் துறை உறுதிபடக் கூறியது. அதன் பின் நடந்ததுதான் வியப்பு. அடுத்த சில நாள்களில் பல ஊர்களில் அரசுப் பேருந்துகளுக்குப் போக்குவரத்துக் காவலர் அபராதம் விதிக்கலாயினர்: சீருடை இல்லை, நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினாய், சீட் பெல்ட் அணியவில்லை. ஒருவரின் மானக் கஷாயம் ஒரு துறையின் குரோதக் கஷாயமாக மூண்டது. இறுதியில் உயரதிகாரிகள் கூடிப் பேச, அக்காவலரும் நடத்துநரும் கைகுலுக்கித் தழுவிக்கொண்ட காட்சி வெளிவந்தது. நன்று. ஆனால் அன்று அப்பேருந்திற்குள் வெயிலில் காத்திருந்த பயணியரிடம் எவரும் பொறுத்தருளக் கேட்டதாக நாம் படிக்கவில்லை.

2025 டிசம்பர் 19 அன்று தில்லி விமான நிலையத்தின் முதல் முனையத்தில் நிகழ்ந்ததையும் நாளேடுகளில் பார்த்திருப்பீர்கள். கைக்குழந்தையோடு வந்த குடும்பம் ஒன்றை, ஊழியர்க்குரிய பாதுகாப்புச் சோதனை வரிசையில் செல்லுமாறு அங்கிருந்தோர் அனுப்பினர். வரிசையை முந்தியவர்களைத் தந்தை தட்டிக் கேட்டார். அன்று பணியில் இல்லாமல், வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் பயணியாகச் செல்ல வந்திருந்த விமானி ஒருவர், 'படிக்காதவனா நீ, இது ஊழியர்க்குரியது என்று எழுதியிருப்பது தெரியவில்லையா' என்று கேட்டதாகவும், பின்னர் இரத்தம் வரும்படி தாக்கியதாகவும், ஏழு வயது மகள் அதனைக் கண்டு நடுங்கியதாகவும் அத்தந்தையின் புகார் கூறுகின்றது. அது தனிப்பட்ட தகராறு, வசை தம் மீதும் வந்தது என்பது விமானி தரப்பு. அவருடைய நிறுவனம் அவரைப் பணியிலிருந்து விலக்கி வைத்தது. காவல்துறை வழக்குப் பதிந்தது. குற்றத்தை முடிவு செய்வது நம் வேலை அன்று. இங்கே சலுகை என்பது இருக்கைகூட அன்று, ஒரு வரிசை! அதற்கே இத்தனை. 'படிக்காதவனா' என்னும் சொல்லையும் நாம் எளிதில் கடக்க இயலவில்லை. நாற்பதாண்டுக் காலம் எழுத்தறிவித்த கைக்கு, கல்வி ஒருவரை இகழும் கருவியாவது துன்பம் தருவது. எட்டு மதங்களுள் ஞானமதம் முதலில் வைக்கப்பட்டதன் காரணம் அப்போது விளங்கியது.

பிறர் குறையைப் பேசி நாம் மகிழ்ந்திருக்க வேண்டா. நம்மவர் குறை ஒன்றையும் கூறியாக வேண்டும். விமான உலகில் கிழங்கும் வெங்காயமும் பூண்டும் விலக்கிய ஜைன உணவிற்கெனத் தனிக் குறியீடே உண்டு. நம் சமயத்திற்குக் கிடைத்த மதிப்பு அது. ஆனால் முன்கூட்டியே பதிந்து கொண்டால்தான் அவ்வுணவு விமானத்தில் ஏற்றப்படும். இடமிருந்தால் ஏறும் சலுகைச் சீட்டுக்காரர், எந்த விமானத்தில் ஏறுவோம் என்று தமக்கே தெரியாத நிலையில், அதனை எதிர்பார்க்க இயலாது. நமக்கு உறவினரான இளைஞர் ஒருவர் விமான நிறுவனம் ஒன்றில் அலுவலகப் பணியில் இருக்கின்றார். நல்ல பிள்ளை, பொழுது சாய்ந்தபின் உண்ணாதவர். சலுகைச் சீட்டில் பெற்றோருடன் மாலை நேரத்து விமானம் ஒன்றில் சென்றபோது ஜைன உணவு இல்லை என்றதும், "எங்கள் மதத்தை அவமதிக்கிறீர்களா? இன்னும் அரை மணியில் சூரியன் மறைந்து விடும். உங்கள் மேலதிகாரி யார்?" என்று பணிப்பெண்ணை அனைவர் முன்பும் கடிந்துவிட்டாராம். அருகே இருந்த தாயார் தம் பையிலிருந்து அவலும் வாழைப்பழமும் எடுத்துக் கொடுத்த பின்னும் கோபம் தணியவில்லையாம்.

தவத்தினால் வரும் செருக்கு என்று ஆசாரியர் தனியாக எண்ணி வைத்தது இதைத்தான். வெங்காயத்தில் உள்ள நுண்ணுயிர்களுக்கு இரங்கிய நெஞ்சம், கண்ணெதிரே நின்ற ஐம்பொறி உயிரை வருத்தியது. அந்த அம்மையார் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இதனைச் சொன்னபோது, மகனின் நோன்பைப் பாராட்டுவோம் என்று எதிர்பார்த்திருக்கலாம். நாம் அன்று முனிவரின் ஆகார விதியைப் பற்றித்தான் பேசினோம்.

இலவசமாகப் பெறுவோருள் நம் நிர்க்கிரந்த முனிவரை விஞ்சியவர் உலகில் இல்லை. அவர்க்கென ஒரு பிடி அரிசியும் இல்லை, ஒரு பாத்திரமும் இல்லை, உடையும் இல்லை. வாகனம் ஏறார், எத்தனை நூறு காதமாயினும் எறும்பை மிதியாமல் நிலம் பார்த்து நடப்பார். நாளுக்கு ஒருமுறை மட்டும் ஆகாரத்திற்குப் புறப்படுகின்றார். 'இன்ன அடையாளம் கண்டால் ஏற்பேன்' என்று தமக்குள் ஒரு நியமம் செய்துகொண்டு வருவார். அதனை எவரிடமும் சொல்லார். இல்லறத்தார் வாயிலில் நின்று வணங்கி அழைக்கின்றனர். நியமம் கூடவில்லையாயின் அவ்வீதியைக் கடந்து உண்ணாமலே திரும்புவார். கூடினால் நின்றவாறே இரு கைகளையும் குவித்து ஏற்பார். உப்பில்லை என்றோ, ஆறிவிட்டது என்றோ, இன்னும் சிறிது என்றோ ஒரு சொல் இல்லை. உணவில் ஒரு மயிரோ சிறு பூச்சியோ தோன்றினால் அந்தராயம் என்று அக்கணமே கைவிட்டு, அந்நாள் முழுதும் பட்டினியாகச் செல்வார். இட்டவரை நோக்கிச் சினந்த பார்வையும் இராது. அழுது நிற்பவர் இட்ட இல்லத்தாரே.

இவ்வேற்பிற்குச் சான்றோர் கூறும் உவமைகளில் இரண்டு நம் பொருளுக்கு மிகவும் பொருந்தும். ஒன்று, மலரை வருத்தாமல் தேனெடுக்கும் வண்டு. மற்றொன்று வண்டி அச்சுக்கு இடும் எண்ணெய். ஊர் போய்ச் சேர அச்சு உருள வேண்டும். அதற்கு வேண்டிய அளவு எண்ணெய் போதும். எந்தச் செக்கில் ஆட்டியது, எவர் கையால் வந்தது, எனக்கு முதலில் ஊற்றினாயா என்று வண்டி கேட்பதில்லை. உடம்பென்னும் வண்டியையே அவ்வாறு நடத்துபவர் முன், சென்னைக்குப் போகும் விமானத்தில் சாளர ஓரம் இல்லையென்று சினப்பதை என்னவென்று சொல்வது?

ஊழியர்க்கு இச்சலுகை கூடாது என்று நாம் கூறவில்லை. அரிசி ஆலையில் உழைப்பவர் வீட்டிற்குச் சிறிது குருணை போகும். அது உழைப்பின் பங்கு. கொடுக்கப்பட்டதை ஏற்பது களவன்று. கொடுக்கப்படாததை எடுப்பதுதான் நம் அணுவிரதத்தில் விலக்கப்பட்ட களவு. பணம் கொடுத்தவரின் சாளர இருக்கை இவருக்குக் கொடுக்கப்படவில்லை. பணிப்பெண்ணை அதட்டும் அதிகாரம் இவருக்குக் கொடுக்கப்படவில்லை. வரிசையில் முந்தும் உரிமை பணி நேரத்திற்குக் கொடுக்கப்பட்டது, விடுமுறைக்குக் கொடுக்கப்படவில்லை. துணைவர்க்கென்று தந்த சலுகைச் சீட்டை அயலார்க்கு விலைக்கு விற்போரும் உண்டு. அது பற்றி விளக்கம் தேவையில்லை. வீட்டில் பாஸ் வைத்திருக்கும் பெற்றோர், பிள்ளைகளுக்கு இந்த எல்லையைச் சிறு வயதிலேயே காட்டிவிட வேண்டும். 'அப்பா ஆபீஸ் பஸ், அப்பா ஆபீஸ் விமானம்' என்று குழந்தை சொல்லும்போது சிரித்து ரசிக்கின்றோம். அக்குழந்தைக்கு, கடைசியாக ஏறுவோம், கொடுத்த இடத்தில் அமர்வோம், அக்காவிடம் நன்றி சொல்வோம் என்று சொல்லிக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? உண்ண வேண்டியதை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போகட்டும். நம் பாட்டிமார் மேல்சித்தாமூர்த் திருவிழாவிற்கு வண்டி கட்டிச் சென்றபோது எவரிடம் ஜைன உணவு கேட்டார்கள்?

அந்த இளைஞரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியுள்ளது. தாயார் ஊர் திரும்பி நாம் பேசியதைச் சொல்லியிருக்கின்றார். தசலட்சண பருவம் முடிந்து, எல்லா உயிரிடமும் பொறுத்தருளக் கேட்கும் க்ஷமாவாணி நாள் வந்தது. ஆண்டுதோறும் உறவினர்க்கெல்லாம் கைப்பேசியில் ஒரே செய்தியை அனுப்புபவர், அவ்வாண்டு அப்பணிப்பெண்ணிடம் நேரில் கேட்க வேண்டும் என்று எண்ணினாராம். பெயர் தெரியாது. விமானத்தின் எண்ணும் நாளும் நினைவிருந்ததால், தம் அலுவலக நண்பர் ஒருவரிடம் தம் எண்ணைக் கொடுத்து, விருப்பமிருந்தால் அழைக்குமாறு சொல்லச் சொன்னார். இரண்டு நாள் கழித்து அவள் அழைத்தாள். இவர் எல்லாவற்றையும் சொல்லி, பொறுத்தருள வேண்டினார். அவள் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "எந்த பிளைட், சார்? மன்னிச்சிக்குங்க, ஞாபகம் வரலை. ஸ்டாஃப் டிக்கெட்டில் வர்றவங்க தினமும் யாராவது திட்டுறாங்க" என்றாளாம்.